நீளக் கை வைத்த சட்டை

என் அருமை மகளே,

நாங்கள் நாள்தோறும் காணும் பழங்கால ஜப்பான் தொடரில், சமாதானத்தின் பொருட்டு எதிரிப் பிரபுவுக்கு மணமுடிக்கப்பட்ட பெண் நேற்றுத் தாய்வீடு வந்தாள். தேநீர் ஊற்றுகையில் உடையின் அகன்ற கை விலகியது. முழங்கை வரை கன்றிப்போயிருந்தது. அவள் தந்தையோ அவளைத் திருப்பியனுப்பப் பல்லக்கை வரவழைத்தார்.

உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பெத்தவனாடா நீ? கல்லு!" என்று தொலைக்காட்சியை நோக்கிக் கத்தினார்.

உன் அத்தை மூக்கைச் சிந்தியபடி, "அப்பனை விடுங்கண்ணா. அந்த உடுப்பைத் தைச்சவளுக்குக்கூடவா தெரியாம போச்சு?" என்றாள்.

நான் எழுந்துபோய்த் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தேன்.

சென்ற கோடையில், "மணிக்கட்டு வரைக்கும் கை வைம்மா" என்று நீ கேட்டாய். அளவெடுப்பதில் எனக்கு நிகர் எவருமில்லை. அளவு நாடா பட்ட இடத்தில் நீ துடித்ததை நான் அறியவில்லை என்று எழுதமாட்டேன். ஆறு சட்டைகள் தைத்து, "அனுசரிச்சுப் போடி" என்று கூறிப் புகுந்த வீட்டுக்குப் பேருந்தில் ஏற்றினேன்.

இன்று காலை அப்பாவிடம் யாவும் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

இக்கடிதத்தை நானே உன் கையில் தருவேன். வாயால் சொன்னால் குரல் உடைந்துவிடும். வாசித்ததும் எங்களோடு புறப்படு.

இப்படிக்கு,
அச்சட்டைகளைத் தைத்தவள்