துளசி செய்த பால்பெட்டி வீடு

என் அன்பான வதனிக்கு,

நீர் கண்மூடிப் போனபின் வரும் இரண்டாவது குளிர்காலம் இது. நம் துளசி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கனடாவில் முதன்முதல் குடியேறியவர்கள் காட்டில் கட்டிய மரவீட்டை, எறிகிற சாமான்களை வைத்துப் பிள்ளைகள் செய்துவர வேண்டுமாம். வகுப்பில் கொடுத்த புரொஜெக்ட். பிள்ளைகள் என்றுதான் தாளில் போட்டிருந்தது. நம் ஆட்களுக்கு அந்த ஒரு சொல் மட்டும் கண்ணில் படவில்லை.

எங்கள் மல்வேர்ன் பகுதித் தாய் தகப்பன்மார் வாட்ஸ்அப் குழுவில் துள்ளிய துள்ளலை நீர் பார்த்திருக்க வேண்டும். வெறும் பெட்டி தேவையென்று ஒருத்தி ஆறு சீரியல் பெட்டிகளைப் புதிதாக வாங்கி, உள்ளே இருந்ததைக் குப்பையில் கொட்டினாள். டியூஷன் மாஸ்டர் ஒருவர் வீடு செய்து கொடுக்க ஓடர் எடுத்தார். இன்னொரு பிள்ளைக்கு மிசிசாகா நகரிலிருந்து சித்தப்பா துளைபோடும் டிரில்லோடு வந்து இறங்கினார். சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாத பிள்ளைகளின் பெயரில் புகைபோக்கி வைத்த மாளிகைகள். வெட்கம் கெட்ட கூட்டம்!

துளசி தானே செய்தாள். பால்பெட்டி, முட்டை மட்டை, டொய்லெட் பேப்பர் சுற்றிவரும் மட்டைக்குழல். சுவர் சரிந்திருந்தது. கதவு கூரைக்குக் கிட்ட இருந்தது.

"ஏன் பிள்ளை கதவு உவ்வளவு உயரத்தில?"

"ஸ்நோ அவ்வளவுக்கு வருமப்பா. கீழ வச்சா உள்ள இருக்கிற ஆக்கள் எப்பிடி வெளிய வாறது?"

உமக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு என்ன வந்தது தெரியுமா? மானப் பிரச்சினை. மற்றவர்களின் மாளிகைப் படங்களைப் பார்த்துவிட்டு, கடையில் புது மரம் வாங்கி அறுத்து நானே ஒரு வீடு செய்தேன். பழசாகத் தெரியத் தேயிலைச் சாயம் பூசினேன். அவள் பள்ளிக்குக் கொண்டுபோக இருந்த அன்று காலை, அவள் எழும்ப முன்னரே, அவளுடைய வீட்டை மீள்சுழற்சித் தொட்டியில் போட்டேன். லொறி வந்து அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கூட்டத்திலேயே கேவலமானவன் நான்தான்.

அவள் அழவில்லை. மேசையில் நான் செய்து வைத்திருந்ததைப் பார்த்தாள்.

"உது உங்கட வீடு. நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ."

வெறுங்கையோடு போனாள்.

மத்தியானம் டீச்சர் போன் எடுத்தார். தன் வீட்டைத் தானே தொலைத்துவிட்டதாகத் துளசி சொன்னாளாம். இனிக் கவனமாக இருக்கும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, வதனி? "சரி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பின்னேரம் துளசியிடம் கேட்டேன்.

"உண்மையைச் சொன்னா எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிப்பினம், அப்பா."

எட்டு வயது அவளுக்கு. யாரிடம் பழகினாள் இதை? உம்மிடமா?

நாளைக் காலை அவளோடு வகுப்புக்குப் போகிறேன். எறிந்தது நான் என்று அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்வேன். சிரிக்கட்டும். இது உமக்கு நான் தருகிற வாக்கு.

துளசியின் தகப்பன்,
உம்முடைய குகன்