பின் சக்கரத்து நட்டு

18 ஜூலை 1979, பாகூர்.

பாண்டியில் டீலரிடம் சர்வீஸுக்கு விட்டிருந்த மோட்டார் சைக்கிளை அண்ணன் இன்று சாயங்காலம் ஓட்டிக்கொண்டு வந்தான். பட்டறைக்குப் போய்வந்த வண்டிக்குக் குங்குமம் வைக்க வேண்டும் என்பாள் அம்மா. பின் சக்கரத்து நட்டில் பொட்டு வைத்தபோது அது என் விரலோடு சேர்ந்து சுழன்றது.

"அண்ணே, நட்டு லூசா இருக்குது."

"இன்னாடி, லைப்ரரி புக்குல மெக்கானிக் வேலையும் போட்டிருக்கானா? கம்பெனி ஆளு முடுக்கினதுடி அது."

"காலைல அண்ணிய பின்னால ஒக்கார வச்சினு கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும் நீ."

"சரி, முடுக்கிடறேன். போ."

சாப்பிடும்போது கேட்டேன். முடுக்கியாச்சு என்றான். பிறகு விளக்கை எடுத்துப்போய்ப் பார்த்தேன். குங்குமம் வைத்தது வைத்தபடியே இருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் கலைந்திருக்கும்.

அண்ணிக்கு இது ஏழாம் மாதம். அவளிடம் சொன்னால் பயந்துவிடுவாள். அண்ணன் வீம்புக்கென்றே அப்படியே கிளம்புவான். ஸ்பேனர் பெட்டியின் சாவியும் அவன் இடுப்பில்தான் இருக்கிறது. எவ்வளவு லூசு என்று பார்க்கக் கையாலேயே நட்டைத் திருகினேன். முழுதாகக் கழன்று வந்துவிட்டது. இப்போது இந்த நோட்டின் மேல் இருக்கிறது. காலையில் எல்லோர் முன்னாலும் அவன் கையில் கொடுப்பதாக எண்ணம்.

எழுதும்போதுதான் உறைக்கிறது. ஆஸ்பத்திரியில் வரிசை பிடிக்க அவன் எல்லோரும் எழுமுன் விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்புகிறவன். குனிந்து சக்கரத்தைப் பார்க்க மாட்டான். திரும்பப் போய் மாட்டிவிடலாம். மாட்டிவிட்டால் நான் சொல்வதை நம்ப மாட்டான்.

கண் சொருகுகிறது. தூங்கிவிடக் கூடாது.