டிரெய்லர் ஏறிய பம்பு

மார்ச் 4, செவ்வாய்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து திருவளர்சோலை வருவதற்குள் வேதியியலில் ஒரு பாடம் முடித்துவிட்டேன்.

வீட்டில் அம்மா இல்லை. வயலில் இருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் நின்று ஒரு மாதமாகிறது. வாழை இலைகள் வெயில் தாங்காமல் நடு நரம்போடு இரண்டாக மடிந்து தொங்குகின்றன. எழுநூறு மரம். பாதி குலை தள்ளிவிட்டது. இந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் காய் பருக்காது.

எங்கள் குத்தகை வயல் மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன. மூன்றிலும் தரைக்கடியில் தண்ணீர் உண்டு, இறக்கிய குழாயும் உண்டு. கரண்ட் மட்டும் இல்லை. இதுவரை பீமராவ் மாமாவின் ஆயில் இன்ஜினை வாடகைக்கு வைத்து இறைத்தோம். அவர் வயலும் காய்கிறதாம், போன வாரம் எடுத்துப் போய்விட்டார்.

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா சொன்னார்: "இந்த வாழை தேறலைன்னா குத்தகைய விட்டுடுவோம் அனுசுயா. நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு ஷிஃப்டு ஓடுறேன். நீ ஒத்தையில எத்தன நாளைக்கு அல்லாடுவ?"

அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

விட்டுவிட்டால் அம்மா என்ன செய்வாள்? அவளை வயல் இல்லாமல் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

அம்மா இன்று காபியில் உப்புப் போட்டுவிட்டாள். யோசனை.

மார்ச் 7, வெள்ளி

யோசனை என்னவென்று தெரிந்துவிட்டது!

ஒரு பம்பை டிரெய்லரில் ஏற்றி வயல் வயலாகக் கொண்டுபோவது. அதை எதனால் ஓட்டுவது என்பதுதான் கேள்வி. நான் சோலார் தகடு என்றேன். அறிவியல் புத்தகத்தில் படம்கூட இருக்கிறது என்று காட்டினேன். அம்மா படத்தைப் பொறுமையாகப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மனு எழுதிப் போட்டு அது வரதுக்குள்ள வாழை போயிடும்டி" என்றாள். ஜெனரேட்டர் என்றேன். அதற்குத் தனியாக ஒரு மோட்டாரும் வாங்க வேண்டும்.

பிறகு கொட்டகையைக் காட்டினாள். பின்னால் நடந்தபடி உழும் எங்கள் பழைய பவர் டில்லர் நின்றிருந்தது.

"உழும்போது ஓடுது, டிரெய்லர இழுக்கும்போது ஓடுது. வயலுக்குப் போய் நின்னப்புறம் அந்த இன்ஜின் சும்மாதானே இருக்கு? அதையே சுத்த விட்டா என்ன?"

டில்லர் இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு புல்லி இருக்கிறது. அதிலிருந்து பம்பின் புல்லிக்கு ஒரு பட்டை பெல்ட். அவ்வளவுதான். டிரெய்லரை இழுத்துக்கொண்டு போன வண்டியே தண்ணீரும் இறைக்கும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் எத்தனை புத்தகம் படிக்கிறேன்!

மார்ச் 8, சனி

பாலக்கரை பழைய இரும்புக் கடையில் பம்பு கிடைத்தது. துருப்பிடித்திருந்தாலும் கையால் சுற்றினால் சுற்றுகிறது. பக்கத்துத் தெருவில் பிரான்சி அண்ணன் வெல்டிங் கடை. டிரெய்லரையும் அங்கேயே கொண்டு வந்திருந்தோம்.

நான் ஸ்கேலோடு போயிருந்தேன். இன்ஜின் புல்லி ஐந்து அங்குலம், பம்பு புல்லி ஆறு. இன்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடினால் பம்பு 1500 சுற்றும். நோட்டில் போட்டுக் காட்டினேன். பிரான்சி அண்ணன், "அக்கா, இஞ்சினியர கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களே, இனிமே எனக்கென்ன வேல?" என்றார் அம்மாவிடம்.

பம்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று அவர் கேட்டபோது அம்மா போல்ட் வாங்கப் போயிருந்தாள். நானே சொன்னேன். தண்ணீர் வெளியே விழும் வாய் வயலைப் பார்க்கட்டும், புல்லிகள் இரண்டும் ஒரே பக்கம் இருக்கட்டும். அவர் அப்படியே வைத்து வெல்டிங் அடித்துவிட்டார். பெருமையாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பம்புக்கு நீலப் பெயின்ட் அடித்தேன். ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சியது. துரு தெரியாமலிருக்க மூன்று பூச்சு. புத்தம் புதிது போலிருக்கிறது. அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பொண்ணு பாக்க வரப்போறாங்களா இத?"

மார்ச் 10, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

ஸ்கூல் விட்டு நேரே கிழக்கு வயலுக்கு ஓடினேன். அம்மா டில்லரை டிரெய்லரிலிருந்து அவிழ்த்து முன்னே நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பெல்ட்டை மாட்டியிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி மேலே அப்பாவின் பழைய சட்டை போட்டிருந்தாள். தங்கையன் மாமா வரப்பில் குந்தியிருந்தார். அடுத்த வயல்காரர். வேடிக்கை என்றால் அவருக்குச் சோறு வேண்டாம்.

இன்ஜின் ஓடியது. பம்பு சுற்றியது. தண்ணீர் ஒரு விரல் கனத்துக்கு வடிந்தது. அவ்வளவுதான்.

எங்கோ காற்று இழுக்கிறது என்று அம்மா சாணியைக் கரைத்துப் பம்பின் வாயில் ஊற்றினாள். இங்கே எல்லோரும் செய்வதுதான், சாணி போய் சந்துகளை அடைத்துக்கொள்ளும். மறுபடி ஓட்டினாள். அதே விரல் கனம். மூன்று முறை.

"தேர் மாதிரி ஜோடிச்சு வச்சிருக்கியேம்மா அனுசுயா, அதான் நகர மாட்டேங்குது" என்றார் தங்கையன் மாமா. "வடம் புடிக்க ஆள் சொல்லட்டுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு, பம்பின் மேல் கை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கை நின்றது. கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினாள். நீலம் உரிந்து வந்தது. அடியில், இரும்போடு வார்த்த ஓர் அம்புக்குறி.

பம்பு எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பதற்கான குறி. எங்கள் பம்பு அதற்கு நேர் எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான்தான். நிற்கும் பக்கத்தைச் சொன்னதும் நான், அம்புக்குறியை மூன்று பூச்சில் மறைத்ததும் நான். எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டேனே, எந்தப் பக்கம் சுற்று என்று ஏன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை? "அம்மா, என்னாலதாம்மா, வெல்டிங்க உடைக்கணும், மறுபடி பாலக்கரைக்குப் போவணும், அதுக்குள்ள வாழை..." என்னென்னவோ சொன்னேன்.

அம்மா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பெல்ட்டைக் கழற்றினாள். முறுக்கினால் நீளம் பற்றாது என்று, டில்லரை ஒரு விரல் அளவு பின்னே தள்ளும்படி என்னிடம் சொன்னாள். பிறகு பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கி, எட்டு என்ற எண் மாதிரி குறுக்காக மாட்டினாள்.

"ஒரு தடவ அவசரத்துல தையல் மெஷினுக்கு இப்படித்தான் மாட்டித் தொலச்சேன். சக்கரம் பின்னாடி சுத்தி நூலெல்லாம் சிக்கிக்கிச்சு. அன்னிக்குத் தப்பு. இன்னிக்கு அதுதான வேணும்?"

இன்ஜின் ஓடியது. குழாய் ஒருமுறை இருமியது, சாணித் தண்ணீரைத் துப்பியது, பிறகு -

கை கொள்ளாத கனத்தில் தண்ணீர்! அம்மா அதில் முகம் கழுவினாள். தங்கையன் மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொல்லாமலே மண்வெட்டி எடுத்து மடை திருப்பினார்.

அம்மா எட்டாவதோடு நின்றவள். என் அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். குறுக்குப் பெல்ட் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இலைகள் நிமிர்ந்திருக்கின்றன. காலை ஆறு மணிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

மூன்று வயலும் ஒரு சுற்று நனைந்துவிட்டது. குறுக்குப் பெல்ட் நடுவில் உரசும் என்று அம்மா தினமும் அதைத் தடவிப் பார்க்கிறாள். நூல் பிரிந்தால் அன்றே தைத்துவிடுகிறாள். அதிகமாக முடுக்கினால் பெல்ட் நழுவுகிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்து ஆக்ஸிலரேட்டரைக் குறைக்கிறாள். என் 1800 சுற்றுக் கணக்கை அவளிடம் இப்போது சொல்வதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

அப்பா முதல் முறையாக வயலுக்கு வந்து பம்பு ஓடுவதைப் பார்த்தார். பம்பைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு அம்மாவைக் கோபித்துக்கொண்டார்: "இம்மாம் பெரிய பெல்ட்டு தொறந்து கெடக்கு, பக்கத்துலயே நிக்கிற. சேல மாட்டுனா என்னாகும்?"

"அதான் சட்ட போட்டிருக்கேன்ல?"

"சட்டையாம் சட்ட."

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பா கம்பி வலையில் பெல்ட்டுக்கு ஒரு கூண்டு செய்து மாட்டினார். இரண்டு கீல், ஒரு கொக்கி. அளவெடுக்க மூன்று தடவை அம்மாவைக் கூப்பிட்டார். மூன்று தடவையும் அம்மா சொன்ன அளவுதான் சரியாக இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

பரீட்சை முடிந்தது. அறிவியல் நன்றாக எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லலாம் என்று போனால் அவள் தங்கையன் மாமா வயலில் இருந்தாள். அவர் போர் மோட்டார் எரிந்துவிட்டதாம். "அக்கா"வாம் இப்போது. "அக்கா, ரெண்டு மணி நேரம் நம்ம பக்கம் வண்டிய விடுங்க"வாம்! அம்மாவைவிடப் பத்து வயது பெரியவர்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் வெட்டு. பூவன் தார்கள், ஒவ்வொன்றும் என் இடுப்புயரம். வியாபாரி தாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வெயிலில் இப்படிப் பருத்த காயை இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்றார். அம்மா அடுத்த மரத்துக்குப் போனாள். அவள் முகத்தை நான் மட்டும் பார்த்தேன்.

லாரி போன பிறகு, தாய் மரங்களின் அடியில் முளைத்திருக்கும் கன்றுகளை அம்மா பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா கடப்பாறையோடு பின்னாலேயே வந்தார்.

"அடுத்த நடவுக்கு எத்தன கன்னு எடுக்கணும்?" என்று கேட்டார்.

"எழுநூறு போதாது. தொள்ளாயிரம் எடுங்க. வடக்கால ஒரு வயல் பேசியிருக்கேன்."

"நாலாவதா?"

"ஆமா."

அப்பா அம்மாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவள் கைகாட்டிய கன்றின் அடியில் கடப்பாறையை இறக்கினார்.