காலியாக விட்ட கட்டங்கள்

2012 அக்டோபர் 3, புதன்
வில்லோ தெருப் பள்ளிக்கு நான்காவது வருகை. வகுப்புக்கு ஐந்து நிமிடம்; கண்டதைக் குறிக்க, கல்வி அலுவலகம் தந்த தாளில் பன்னிரண்டு கட்டங்கள். முப்பத்தொரு வருடம் தலைமையாசிரியராக இருந்தும், ஆலோசகன் என்று இன்னொருவர் வகுப்புக்குள் நுழையக் கூச்சமாகவே இருக்கிறது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை டெல்ஃபின் ரக்கர், "வாங்க, மிஸ்டர் அஞ்சு நிமிஷம்! இன்னிக்காவது உக்காருவீங்களா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நின்றுகொண்டே எழுதினேன்.

அக்டோபர் 24
டெல்ஃபின் வகுப்பில் மௌன வாசிப்பு. ‘குழுவாகப் பேசுகிறார்கள்’, ‘கேள்வி கேட்கிறார்கள்’ — இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டேன். கண்ணால் காணாததை எப்படி எழுதுவது? சந்தேகம் வந்தால் காலியாக விடுவதே என் வழக்கம்.

வாசல்வரை வந்து கேட்டார்: "இதை வெச்சு எங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்ல?"
உதவத்தான் என்றேன். எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 5
பனி. பள்ளி விடுமுறை. பதினொரு வருகைகளின் தாள்களையும் தேதிவாரியாக அடுக்கி அனுப்பிவிட்டேன்.

2013 ஜனவரி 30
மூடப்போகும் பள்ளிகளின் பட்டியலில் வில்லோ தெரு. கற்பித்தலுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. எப்படி? என் தாள்களில் ஒரு குறைகூட எழுதவில்லையே!

கல்வி அலுவலகத்தில் தாள்களைப் பதிவு செய்யும் கிர்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தேன். "காலியா இருந்தா கம்ப்யூட்டர் சைபர்னு எடுத்துக்கும், சார். பார்க்கலைன்னா ‘பா’ன்னு போடச் சொல்லி அடியில இருக்குமே."
இருக்கிறது. பொடி எழுத்தில், கடைசி வரியில்.
"இப்போ திருத்தலாமா?"
"திருத்துற கெடு டிசம்பரோட முடிஞ்சிடுச்சு. பொதுக் கூட்டத்துல சொல்லிப் பாருங்க."

பிப்ரவரி 13
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். நான் பதினேழாவது. பேச வேண்டியதை எழுதி, நான்கு பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் டெல்ஃபின் பேசினார். "எங்களுக்கு உதவ வந்தவரு இங்கயே உக்காந்திருக்காரு. யோக்கியமான மனுஷன். அவரையே கேளுங்க!" எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

எழுந்தேன். "இது நல்ல பள்ளி" என்றேன். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தாள் சட்டைப்பையிலேயே இருந்தது.

பிப்ரவரி 14
ஏன் சொல்லல? வாயைத் திறந்து ஒரு வார்த்தை — தப்பு என்னோடதுன்னு — அவ்வளவுதானே!

மார்ச் 6
கல்விக் குழுவில் ஏழு பேர் மூட வேண்டும் என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். கூட்டத்தில் படிக்காத அந்தத் தாள்களை இன்று ஒரு கடிதத்தோடு அவர்களுக்கு அனுப்பினேன். யாருக்கு இனி?

ஜூன் 5
டெல்ஃபின் பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா? நான் உங்களைக் கைகாட்டினப்போ?"
தெரியும் என்றேன்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை கேட்டிருக்கிறார். வெளியாள் ஒருவரின் பரிந்துரை வேண்டுமாம்.
"கிழிச்சுப் போட்டுடலாம்னு தோணுது. ஆனா என் வகுப்புக்குள்ள வந்த வெளியாளு நீங்க ஒருத்தர்தான். இதையாவது முழுசா நிரப்பிக் குடுங்க."

ஜூன் 6
முன்னும் பின்னும், பொடி எழுத்து உட்பட, இருமுறை படித்தபின் நிரப்பினேன். கடைசிக் கேள்வி: இவர் கற்பிப்பதை மொத்தம் எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறீர்கள்?

காலியாக விடவில்லை. பதினொரு வருகை, ஐந்தைந்தாக ஐம்பத்தைந்து நிமிடம் என்று எழுதினேன்.