கிளி மூக்கு

சிவகாசி
8.8.1969

பாசமுள்ள அக்கா முத்துப்பேச்சிக்கு,

தம்பி சோலைச்சாமி எழுதுறேன். மருமக பிறந்த சேதியை மச்சான் சொல்லிவிட்டாக. ரொம்பச் சந்தோசம். ஓடி வந்திருப்பேன், சீசன்ல அச்சாபீஸை விட்டு நகர முடியலை.

வயிறு எரியுதுக்கா. மை கலக்குற ஆண்டிச்சாமி என் மானத்தை வாங்குறான். கிளிப்படம் போட்ட வெடி லேபிளு. மூக்கையும் இறக்கையையும் ஒரே மண்ணு நிறமா அடிச்சு வச்சிருக்கான். நிறம் பார்த்து அனுப்புறது என் வேலை, ரெண்டு லோடைத் திருப்பிட்டேன். முதலாளி முறைக்கிறார். ஒரு லேபிளை உள்ள வச்சிருக்கேன், நீயே பாரு.

காசத்துக்குக் குடுத்த புது மாத்திரை மூணு மாசமாப் போகுது. இருமல் நின்னுருச்சு. கண்ணு மங்கினா உடனே வரணும்னு டாக்டர் சொன்னார். எனக்கு எங்கே மங்குது? தெருக்கோடியில வர்ற பஸ்ஸு பளிச்சுன்னு தெரியுது. அறையில கூட இருக்கிற பெத்தணன் அண்ணாச்சி நல்லாப் பார்த்துக்கிடுறாக.

தம்பி
சோலைச்சாமி

வெம்பக்கோட்டை
12.8.1969

ஏலே தம்பி,

லேபிளைப் பார்த்தேன். மூக்கு செக்கச்செவேல்னு இருக்கு. இறக்கை பச்சைப்பசேல்னு இருக்கு. எனக்குத்தான் பிள்ளை பெத்த அசதியோன்னு மூத்தவன்கிட்டக் காட்டினேன். அவனும் அதையேதான் சொல்றான். மை சரியாத்தான்டா இருக்கு. கோளாறு உன் கண்ணுல.

மங்குறதுன்னா இருட்டிக்கிட்டு வந்தாத்தானா? நிறம் போறதும் மங்குறதுதான்! அந்த மாத்திரையை இன்னைக்கே நிறுத்து. நாளைக்கே டாக்டர்கிட்டப் போ. ஆண்டிச்சாமியை வையாதே.

உன் மச்சான்கிட்டப் போயிப் பாருங்கன்னேன். மை பார்க்குறவனுக்குக் கண்ணு தெரியாமப் போகுமான்னு சிரிக்காக. முப்பது நாள் தீட்டு கழியாம என்னை வாசல் தாண்ட விட மாட்டேங்கிறாக. எனக்கு வார ஆத்திரத்துக்கு அளவில்லை.

அக்கா
முத்துப்பேச்சி

சிவகாசி
17.8.1969

அக்காவுக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. அதை ஏன் பென்சில்ல எழுதின? வெயில்ல கொண்டுபோயி வச்சுப் பார்த்தேன், ஒரு எழுத்து பிடிபடலை. பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கீகன்னுகூடத் தெரியலை. அடுத்த தடவை நல்ல மையில எழுது.

முதலாளி என்னையக் கட்டு கட்டுற வேலைக்கு மாத்திட்டார். மை பார்க்க ஆண்டிச்சாமியாம்! பேசக்கூடப் பிடிக்கலை எனக்கு. பெத்தணன் அண்ணாச்சிகிட்டயும் சொல்லிக்கிடலை.

உடம்பைப் பத்திக் கவலைப்படாதே. மாத்திரையை ஒருவேளைகூட விடலை.

சோலைச்சாமி

வெம்பக்கோட்டை
20.8.1969

பெத்தணன் அண்ணாச்சி அவர்களுக்கு,

சோலைச்சாமியோட அக்கா முத்துப்பேச்சி வணக்கம் சொல்லிக்கிடுறேன். இதை அவன்கிட்டக் குடுக்காதீக, நீங்களே வாசிங்க.

நான் அவனுக்குப் பென்சில்ல எழுதலை அண்ணாச்சி. பேனாவுலதான் எழுதினேன். அவன் எழுதினதைப் பார்த்தீகன்னா வரி மேல வரி ஏறிக் கிடக்கு. அந்த மாத்திரைதான் கண்ணைக் கெடுக்குது. கண்ணு மங்கினா வரணும்னு டாக்டர் முதல்லயே சொல்லியிருக்கார். இவன் மை மேல பழியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான், மடப்பய.

இப்பவே மாத்திரையைப் பிடுங்கி வையுங்க. டாக்டர் பார்த்து என்ன சொல்றாரோ அதுவரைக்கும் குடுக்காதீக. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டாவது போங்க. வைவான், வைஞ்சிட்டுப் போறான்.

நான் நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு பஸ் ஏறுறேன். தீட்டுன்னு மாமியா வாசல்ல குறுக்க நிக்காக. நின்னுக்கிடட்டும். அவன் கண்ணுல வெளிச்சம் இருக்கும்போதே இவளை ஒரு தடவை பார்த்துக்கிடணும் அண்ணாச்சி.

இப்படிக்கு
முத்துப்பேச்சி