இரண்டெழுத்து முகவரி

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். காகிதத்தில் எழுதுகிறாளே என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். உன்னோடு அதே கட்டடத்தில் அடைபட்டிருந்து வெளியே வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரு டிரைவர் போன வாரம் கடைக்கு வந்தார். உள்ளே காய்கறி கொண்டுபோகும் ஆள் ஒருவரைத் தெரியும், கொடுத்தனுப்பிப் பார்க்கலாம் என்றார். அவர் பேச்சை நம்புவதா வேண்டாமா என்று உன் மாமாவுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். நம்பாமல் மட்டும் என்ன சாதிக்கப் போகிறோம் என்று நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

உன் மாமா எப்போதும் போலத்தான். வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டால் வெளியே ஓர் உலகம் இருப்பதே அவருக்கு மறந்துவிடும். உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நீ வரும்போது வாயைப் பொத்திக்கொள்ளப் போகிறாளாம், நீ கேலி செய்வாயாம். அம்மா மத்தியானமானால் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறாள். கம்ப்யூட்டரில் மெயில் வந்த மணி அடித்தால் போதும், அவனா என்பாள். வருவதெல்லாம் விளம்பரம். தொல்லை தாங்காமல் உன் மாமா ஒருநாள் சத்தத்தை நிறுத்தி வைத்தார். அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுபடி வைத்துவிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் முகவரி போகிறது.

என் பெயரின் முதல் எழுத்தையும் உன் பெயரின் முதல் எழுத்தையும் ஆங்கிலத்தில் சேர்த்துக் கடைக்கென்று நீ வாங்கினாயே, அந்த இணைய முகவரி இந்த மாதக் கடைசியோடு நம்முடையது இல்லை. நம் நாட்டுக்கு in இருப்பது போல, அதே இரண்டெழுத்து இணையத்தில் ஒரு நாட்டுக்கும் அடையாளம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். பதிவு அலுவலகத்தில் கொடுக்கும்போதே நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார்கள்: அதைப் பார்த்து யாரும் அந்த நாட்டு அரசாங்கம் என்று ஏமாறக் கூடாது, ஏமாந்ததாகப் புகார் வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று. வாஷிங் மெஷின் ரிப்பேர் கடையை எவன் நாடு என்று நினைக்கப் போகிறான் என்று நீ சிரித்துக்கொண்டே சம்மதம் கொடுத்தாய்.

நினைத்தார்கள், தம்பி. நீ போன பிறகு அந்த நாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு பாஸ்போர்ட் வரவில்லை, இன்னொருவருக்கு பென்ஷன் நின்றுபோயிருந்தது. அழித்துத் தள்ளு என்றார் உன் மாமா. எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் மொழிபெயர்த்துப் படித்து, இது ரிப்பேர் கடை ஐயா, நீங்கள் உங்கள் ஊர் அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்று ஒருவர் விடாமல் பதில் போட்டேன். பதில் வராமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அவர்களில் ஒரு பெண்மணி. அவள் மகனும் உன்னைப் போலவே வெளிநாட்டில் நல்ல வேலை என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்டவன். போய் இறங்கியதுமே போனைப் பிடுங்கிக்கொண்டு அடைத்து வைத்துவிட்டார்களாம். அவளுக்கு மட்டும் இது ரிப்பேர் கடை என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் மகன் வந்துவிடுவான், தைரியமாக இருங்கள் என்று எழுதினேன். எனக்கு யாராவது எழுத மாட்டார்களா என்று ஏங்கியதைத்தான் அவளுக்கு எழுதினேன். அவள் அதை அச்செடுத்துக்கொண்டு நேரே அவர்கள் அமைச்சகத்துக்குப் போய், அரசாங்கமே வாக்குக் கொடுத்திருக்கிறது, என் மகன் எங்கே என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து புகார் வந்தது. நான் செய்தது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. உன் மாமா புகாரைப் படித்துவிட்டு மறுபடி வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முகவரி பதிவு செய்யும் அலுவலகத்துக்கு நேரில் போனேன். நீ கடைசியாக யாருடைய கம்ப்யூட்டரிலிருந்தோ அனுப்பிய ஒற்றை வரியை அந்த அதிகாரியிடம் காட்டினேன். "இந்த அட்ரஸ மட்டும் மாத்திடாத அக்கா. சின்னதா இருக்கறதால இது ஒண்ணுதான் மனசுல நிக்குது." அவருக்கு எப்படித் தெரியும், வீட்டுப் போன் நம்பரையே உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு திரிந்தவன் நீ என்று! அவர் இரண்டு முறை படித்தார். விதி விதிதான் என்றார். சரி, அந்த நாட்டுக்காரர்களிடமே கொடுத்துவிடுங்கள், அங்கேயும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து பதில் போட மாட்டாளா என்று கேட்டேன்.

"யாருக்கும் தர மாட்டோம்மா. பூட்டி வெச்சிருவோம். அதுக்கு வர்றதெல்லாம் திரும்பிப் போயிடும்" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வாசல்வரை வந்து அனுப்பினார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன், பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

புது முகவரி நீளமானது. சின்னதாக எதுவும் கிடைக்கவில்லை. இந்தத் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். வாய்ப்பாடு மாதிரி சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய். அப்புறம் தாளைக் கிழித்துப் போட்டுவிடு, அவர்கள் கண்ணில் படக் கூடாது. அடிப்பார்கள் என்று டிரைவர் சொன்னார். வேறு சிலதும் சொன்னார். அம்மா ஸ்டூலில் இருந்ததால் நான் அவரை மேலே பேசவிடவில்லை.

அம்மாவிடம் முகவரி விஷயத்தைச் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து புது முகவரிக்கு விளம்பரமாவது வரட்டும் என்று கண்ட கண்ட கடையிலெல்லாம் உன் மாமா பதிந்து வைத்திருக்கிறார். மணி அடிக்க வேண்டுமே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, தம்பி. வராவிட்டால் நீ பழைய முகவரிக்குத்தான் எழுதுவாய். எத்தனை பாடுபட்டு, யார் காலைப் பிடித்து அந்த ஒரு வரியை எழுதுவாயோ. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று அது உன்னிடமே திரும்பி வரும். அதைப் பார்த்து வீட்டில் யாரும் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே, கண்ணு. இதை வேறு எப்படி உனக்குத் தெரியப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் இதிலேயே எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். நீயும் இரு.

உன் அக்கா