உள்ளயா, வெளியவா?

அடியே கும்பகோணம்,

இன்று காலை என் நாக்கு ஊதாவாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு நானே சிரித்தேன். மேசை இழுப்பறையில் எதையோ தேடப் போய் ஈரம் பட்டால் ஊதாவாக எழுதுமே, உன் காப்பியிங் பென்சில், அதன் மிச்சம் கையில் அகப்பட்டது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இன்னும் எழுதுகிறதா பார்க்கலாம் என்று நாக்கில் தொட்டேன். அந்தக் கசப்பு வாய் முழுக்கப் பரவியதும், இராயபுரத்து வெயிலில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதை விரிக்க வேண்டும் என்கிற நினைப்பே இல்லாமல் நீ நிற்பது அப்படியே தெரிந்தது. போனவர்களை நினைத்தால் மனசு கனக்கும் என்பார்கள். எனக்கு உன்னை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. அதற்கு நீதான் பொறுப்பு.

பொருளாதாரத் துறையில் அப்போது பெண்கள் என்று நாம் இருவர்தான். நீ கும்பகோணத்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. துறைமுகத்துக் கூலிக் குடும்பங்களின் வாழ்க்கை நிலை உன் தலைப்பு. நான் எம்.ஏ. முடித்துவிட்டு உத்தியோகத்துக்கு அலைந்துகொண்டிருந்தவள். நான் இராயபுரத்துக்காரி என்பதற்காகவே பேராசிரியர் என்னை உனக்கு உதவியாளாகப் போட்டார். "உனக்குத்தான் அந்தப் பாஷை தெரியுமே" என்றார். அந்த 'அந்த'வில் ஒரு அழுத்தம் கொடுத்தார் பார், எனக்குச் சுர்ரென்று வந்தது. வெளியே வந்ததும் உன்னிடம் சொன்னேன்: "எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும். அவருக்குத்தான் ஒண்ணு குறையுது." தாழ்வாரம் அதிர நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில்தான் நாம் சிநேகிதிகள் ஆனோம்.

முதல் நாள் கணக்கெடுப்பை நினைத்துப் பார். பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி உன் உதடெல்லாம் ஊதா. தெருப் பிள்ளைகள் கூட்டமாகப் பின்னால் வந்து, "இன்னாக்கா, நவாப்பழம் துன்னியா?" என்று கத்தின. உனக்குப் புரியவில்லை. "என்னடி லூர்து கேட்கறதுகள்?" என்று என்னைப் பார்த்தாய். அடுத்த வாரமே எங்கள் பேச்சைக் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று கிளம்பினாய். 'இருக்கிறது' என்பதற்கு எங்கள் பக்கம் சொல்கிற "கீது" உனக்கு வாயில் வரவில்லை. "வீட்டில் என்ன கீதம்?" என்று நீ கேட்கப் போக, பாட்டு கேட்க வந்திருக்கிறாய் என்று நினைத்து ஒரு பெரியவர் மாதா பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். பாதியில் நிறுத்த மனசில்லாமல் முழுசும் கேட்டுவிட்டுத்தான் கேள்வித்தாளை எடுத்தாய்.

கேள்வித்தாள் பேராசிரியர் தயாரித்தது. அச்சடித்த நல்ல தமிழ். 'குடும்பத் தலைவருக்கு வேலை உண்டா?' என்பது அதில் ஒரு கேள்வி. வீடு வீடாகக் கேட்டோம். "வேலைக்குத்தான் போயிக்கீறாரு" என்று வீடு வீடாகப் பதில் வந்தது. 'உண்டு' என்று நீ எழுதினாய், நானும் எழுதினேன். தாள்களைப் புரட்டிப் பார்த்த பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். சுதந்திரம் வந்த பிறகு துறைமுகப் பகுதியில் வேலையில்லாத் திண்டாட்டம் என்பதே கிடையாது, இது பெரிய முடிவு என்றார். நீ ஆய்வேட்டை எழுத உட்கார்ந்துவிட்டாய்.

அப்புறம் அந்தக் குடை. அதை சவரியம்மா வீட்டில் மறந்து வைத்துவிட்டாய். சவரியம்மாவின் புருஷர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். குடையை வாங்க நாம் காலை வேளையில் போனோம். கணக்கெடுக்க எப்போதும் மத்தியானத்துக்கு மேல், ஆண்கள் கடற்கரைப் பக்கம் போய்விடுகிற நேரத்தில்தானே போவோம்? உள்ளே அந்த மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அடுப்பு சில்லென்று கிடந்தது. நீ குரலைத் தாழ்த்தி, "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாய்.

"உடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீது."

"அப்போ இன்னிக்கு வேலைக்குப் போகலையா?"

சவரியம்மாவுக்கு வந்ததே கோபம்! "போவாம இன்னா? ஊட்ல குந்திகினு கீறாருன்னு நெனச்சியா? விடிகாலைலயே வேலைக்குப் போயிட்டுத்தான் வந்து படுத்துக்கீறாரு. இந்தா உன் கொடை."

தெருவுக்கு வந்ததும் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "விடிகாலையில் போய் அதுக்குள்ள திரும்பி வந்துட்டாரா? என்ன வேலைடி அது?"

"வேலை எங்க செஞ்சாரு? மேஸ்திரி கூப்பிடல, திரும்பி வந்துட்டாரு."

"கூப்பிடலைன்னா எப்படி வேலைக்குப் போனாரு?"

"ஐயோ, போனாருடி! ஹார்பர் கேட்டாண்ட போயி நின்னாரு. கூப்பிட்டா உள்ள, கூப்பிடாட்டி வெளிய. நிக்கிறதுக்குப் பேரு வேலைக்குப் போறது. இது கூடவா தெரியாது?"

சொல்லி முடித்தேன். என் காதில் விழுந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த வார்த்தைக்குள்ளேயே வளர்ந்தவள் நான். என் நைனாவும் நிரந்தர வேலை கிடைக்கிறதுக்கு முன்னால் அப்படித்தான் தினமும் "வேலைக்குப் போறேன்" என்று கிளம்புவார். அதை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உனக்கு அது பிறத்தியார் பேச்சு, அதனால் கேட்டாய். எனக்கு அது சொந்தப் பேச்சு, அதனால் பதில் வைத்திருந்தேன். நம்மில் ஒருத்தி மட்டும் போயிருந்தால் அந்தப் பொய் அச்சேறியிருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு வாங்கினாய். கேட்டிலிருந்து திரும்பி வரும் ஆண்பிள்ளையிடம் கூப்பிட்டார்களா என்று எங்கள் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவமானம். பெண்டாட்டி சட்டையின் முதுகைப் பார்ப்பாள். அழுக்கும் கரியும் இருந்தால் உலை வைப்பாள். சட்டை வெளுப்பாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கொடுப்பாள். "அப்போ பெண்கள் தங்களுக்குள்ளேயும் கேட்டுக்க மாட்டீங்களா?" என்றாய். கேட்பார்கள், குழாயடியில் கேட்பார்கள். எப்படி? ஒருத்தி குடத்தை வைத்துக்கொண்டே மெதுவாக, "உள்ளயா, வெளியவா?" என்பாள். மற்றவள் ஒரே வார்த்தையில் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

நீ எழுந்தே நின்றுவிட்டாய். "இதாண்டி கேள்வி" என்றாய்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேள்வியை நடுவில் மாற்றினால் பழைய தாள்கள் ஒன்றுக்கும் உதவாது, முதலிலிருந்து எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், அதற்குள் உன் உபகாரச் சம்பளம் நின்றுவிடும் என்றார். ஊரில் உன் அப்பா வேறு கெடு வைத்திருந்தார்: இந்த வருஷம் பட்டம், இல்லாவிட்டால் படித்தது போதும், வந்து சேர். இதெல்லாம் அவருக்கும் தெரியும். "இருப்பதை எழுதிக் கொடுத்துப் பட்டத்தை வாங்கிக்கொள் அம்மா. பிறகு சாவகாசமாகத் திருத்திக் கட்டுரை எழுதலாம்" என்றார். நான் கதவோரம் நின்று, சரி என்று சொல்லித் தொலையேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், நீ ஊருக்குப் போய்விடுவாயோ என்று எனக்குப் பயம்.

"சார், பொய்னு தெரிஞ்சுண்டே எழுதிக் கொடுத்துட்டு, அந்தப் பட்டத்தை வெச்சுண்டு நான் யாருக்கு என்ன சொல்லிக் கொடுக்கறது?" என்றாய். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் இஷ்டம். பின்னால் என்னைக் குறை சொல்லாதே" என்றார்.

விடுதிக்குக் கட்டப் பணமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாய். மீன் குழம்பு கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிடுவாய். "இந்தப் பொண்ணு வெறும் மோர துன்னுட்டு எப்டிதான் இம்மாந்தூரம் நடக்குதோ" என்று அம்மா தினமும் அதிசயப்படுவாள். உன் அப்பாவுக்கு நீ எழுதிய பதிலை எனக்குக் காட்டவில்லை. அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "அப்பாவை நான் பார்த்துக்கறேன்" என்றாய். அப்புறம் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

இந்த முறை அச்சுத்தாளைப் பையிலேயே வைத்துவிட்டோம். ஆண்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் போனோம். குழாயடியில் நின்றோம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தினோம். "இன்னிக்கு உள்ளயா, வெளியவா?" நீ கேட்ட விதத்தில் கும்பகோணம் வாசனை அடித்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. "வெளிய." "வெளியதாம்மா, நேத்தும் வெளிய." "முந்தாநேத்து உள்ள, அத்தோட சரி." முன்னால் 'உண்டு' என்று சொன்ன அதே வாய்கள்தான். சவரியம்மா மட்டும் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்த மொதல்லியே கேக்கறதுக்கு இன்னா? நாங்க இன்னா சொல்ல மாட்டோம்னா சொன்னோம்?" என்றாள். அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பின்னிணைப்பைத் திருப்பி, அந்தக் கேள்வியின் மேல் விரலை வைத்தார் என்று நீ எத்தனை முறை நடித்துக் காட்டியிருப்பாய்! "இது என்ன தமிழ், அம்மா? பல்கலைக்கழகத்து ஏட்டில் அச்சேறக்கூடிய தமிழா?"

"பதில் கிடைச்ச தமிழ், சார்" என்றாயாம்.

பக்கத்திலிருந்த நம் பேராசிரியர் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார் என்று சொன்னாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் அவரை மன்னித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ தெருமுனையில் திரும்பும்போதே சவரியம்மா குழாயடியிலிருந்து கத்தினாள். "யம்மா ஊதா நாக்கு! உள்ளயா, வெளியவா?"

"உள்ள!" என்று குடையைத் தூக்கிக்கொண்டு நீ கத்தியது மாதா கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். இராயபுரத்துக்கே பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. என் நைனா எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

பிறகு நீ கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாய். உன் அப்பாவே வந்து உன் வகுப்பு வாசலில் நின்று நீ பாடம் நடத்துவதைக் கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் அதே கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தாய். வியாசர்பாடியில் அடுத்த ஆராய்ச்சி என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் உனக்கு அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்து, இறங்கவே மாட்டேன் என்றது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நீ பாதியாகியிருந்தாய். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னாடி, எப்டி கீறே?" என்றேன். நீ கண்ணைத் திறந்து, எங்கள் தெருப் பேச்சிலேயே சொன்னாய், இந்த முறை துளி பிசகாமல்: "வேலைக்குத்தான் போயிக்கீறேன், லூர்து. வெளிய நின்னுகினு கீறேன். இன்னும் கூப்பிடல." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. நீயும் சிரித்து இருமினாய். நர்ஸ் வந்து என்னைத் திட்டி வெளியே அனுப்பினாள். பென்சிலை என் பையில் நீ எப்போது போட்டாய் என்று எனக்குத் தெரியாது.

இப்போது பிள்ளைகளைக் கணக்கெடுப்புக்கு அழைத்துப் போகிறவள் நான்தான். நன்றாகவே செய்கிறேன், தெரியுமா? உன்னைவிட நன்றாகவே செய்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வார்த்தையை எழுதிக்கொள்வதற்கு முன்னால், அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டு வா என்பதுதான் என் முதல் பாடம். கேட்காமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். என்னைப் பற்றிப் பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று கொருக்குப்பேட்டைக்குப் புறப்பட்டோம். மாணவிகளோடு எங்கள் தெரு வழியாகத்தான் நடந்தேன். சவரியம்மா மீன் கூடையோடு எதிரே வந்தாள். சில வருஷங்களாக மகள் வீட்டில், எண்ணூரில் இருந்தவள். ஊர்ச் சேதி எதுவும் தெரியாது. என் ஊதா உதட்டைப் பார்த்ததும் அவளுக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

"எங்க உன் தோஸ்து? அந்த ஊதா நாக்கு பொண்ணு?"

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "வேலைக்குப் போயிக்கீறா" என்றேன்.

சவரியம்மா கூடையை இறக்கி வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். பக்கத்தில் வந்து, குழாயடியில் கேட்கிற மாதிரி, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"உள்ளயா, வெளியவா?"

நாம் ஏட்டில் ஏற்றிய கேள்விடி அது. அதற்கு என்னாலும் பொய் சொல்ல முடியவில்லை.

"உள்ள" என்றேன்.

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அப்புறம் பிள்ளைகளைப் பார்த்து, "இன்னா வேடிக்கை? போங்க, ஜல்தியா போயி கேக்க வேண்டியத கேளுங்க" என்று விரட்டினாள்.

நான் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தேன்.

உன்,
லூர்து